மின்காந்தச் சிதறலும் அணுக்கருச் சிதறலும்: கணக்குப் போடும்போது அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு துகளை இன்னொன்றின்மேல் ஏவினால் எந்தப் பக்கம் எவ்வளவு திரும்பும் என்பதே சிதறல் கணக்கு. அதைச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தால் முதல் வாரத்தில் ஒருவிதமான கேள்விகள் வரும், மூன்றாவது மாதத்தில் வேறுவிதமான கேள்விகள் வரும். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே எழுதி வைத்திருக்கிறேன். சமன்பாடுகளை வார்த்தையில் சொல்லியிருக்கிறேன். பக்கத்தில் ஒரு தாளும் கால்குலேட்டரும் இருந்தால் எண்களை நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

நீளத்துக்கு ஃபெர்மி: ஒரு மீட்டரைப் பத்துக் கோடி கோடியாகப் பிரித்தால் ஒரு பங்கு. ஆற்றலுக்கு எம்இவி, அதாவது பத்து லட்சம் எலக்ட்ரான் வோல்ட். பரப்புக்குப் பார்ன்: 100 சதுர ஃபெர்மி. இந்த மூன்றும் போதும்.

இவ்வளவு கணக்கும் போட்டுக் கடைசியில் எந்த எண்ணைத்தான் கண்டுபிடிக்கிறோம்?

குறுக்குவெட்டு என்ற ஒரு பரப்பை. வரும் துகளுக்கு இலக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதன் அளவு அது. எந்தக் கோணத்தில் எவ்வளவு சிதறும் என்று பிரித்துச் சொன்னால் வகையீட்டுக் குறுக்குவெட்டு. எல்லாக் கோணங்களையும் கூட்டினால் மொத்தக் குறுக்குவெட்டு. சோதனைக்காரர்கள் எண்ணுவது இத்தனை துகள்கள் இந்தக் கோணத்தில் வந்தன என்பதை. அதைக் கற்றையின் செறிவாலும் இலக்கின் அடர்த்தியாலும் வகுத்தால் நம் எண்ணோடு ஒப்பிடலாம்.

ஆனால் நாம் நேரடியாகக் கணக்கிடுவது குறுக்குவெட்டை அல்ல, சிதறல் வீச்சை. அது ஒரு கலப்பெண். அதற்கு அளவும் (மட்டு) உண்டு, கட்டமும் (அலை தன் சுற்றில் எந்த இடத்தில் நிற்கிறது என்பதைச் சொல்லும் கோணம்) உண்டு. அதன் மட்டின் வர்க்கம்தான் குறுக்குவெட்டு. கீழே வரும் சிக்கல்களில் பாதிக்கு மேல் இந்தக் கட்டத்தை மறந்ததால் வருபவை.

ரூதர்ஃபோர்டு சூத்திரத்தை எல்லோரும் எழுதுகிறார்கள், ஒரு தடவை எண் போட்டுக் காட்டுங்களேன்?

5 எம்இவி ஆல்ஃபா துகள், தங்கத் தகடு. ஆல்ஃபாவின் மின்னூட்டம் 2, தங்கக் கருவுக்கு 79. மின்னூட்ட வர்க்கத்தின் மாறிலி 1.44 எம்இவி ஃபெர்மி. இந்த எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். மூன்றையும் பெருக்கினால் 227.5. ஆற்றலின் நான்கு மடங்கால், அதாவது 20-ஆல் வகுத்தால் 11.4 ஃபெர்மி. வர்க்கம் எடுத்தால் ஏறத்தாழ 129 சதுர ஃபெர்மி, அதாவது 1.29 பார்ன். இதை அரைக்கோணத்து சைனின் நான்காம் அடுக்கால் வகுக்க வேண்டும். 90 டிகிரியில் அந்த வகுத்தி கால், ஆகவே விடை ஒரு ஸ்டெரேடியனுக்கு (திண்மக் கோணத்தின் அலகு) 5.2 பார்ன். 10 டிகிரியில் அதே கணக்கு 22,000 பார்னைத் தாண்டும்.

இன்னொரு அடி போவோம். 90 டிகிரிக்கு மேல் திரும்பி வருபவை எத்தனை? நேர்மோதலில் ஆல்ஃபா நெருங்கும் தூரம் 227.5 வகுத்தல் 5, அதாவது 45.5 ஃபெர்மி. அதில் பாதியை ஆரமாகக் கொண்ட வட்டத்துக்குள் குறிவைத்து வரும் ஆல்ஃபாக்கள் எல்லாம் திரும்பும். அந்த வட்டத்தின் பரப்பு சுமார் 16 பார்ன். ஒரு மைக்ரான் தடிமனுள்ள தங்கத் தகட்டில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இருக்கும் கருக்களின் எண்ணிக்கையோடு பெருக்கினால் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒன்று திரும்பும் என்று வருகிறது. 1909-இல் கைகரும் மார்ஸ்டனும் பிளாட்டினத் தகட்டில் பார்த்தது சுமார் 8,000-இல் ஒன்று. உலோகமும் தடிமனும் வேறுதான். இருந்தாலும் ஒரு தாளில் போட்ட கணக்கு அந்த அளவுக்கு வந்து நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு இன்னும் சிலிர்க்கிறது.

கோணத்தை பூஜ்ஜியம் ஆக்கினால் முடிவிலி வருகிறதே, சூத்திரம் தப்பா?

சூத்திரம் தப்பில்லை, அதன் அனுமானம் அங்கே பொருந்துவதில்லை. மின்னூட்டங்களுக்கு இடையிலான கூலும் விசைக்கு எல்லை கிடையாது. எவ்வளவு தள்ளிப் போனாலும் துகளைக் கொஞ்சம் திருப்பும். அந்தக் கொஞ்சங்களை எல்லாம் கூட்டினால் மொத்தக் குறுக்குவெட்டு முடிவிலி ஆகிறது. உண்மையான அணுவில் எலக்ட்ரான் மேகம் கருவின் மின்னூட்டத்தை மறைத்துவிடும். தங்க அணுவில் இந்த மறைப்பு ஏறத்தாழ 11,000 ஃபெர்மியில் தொடங்குகிறது. அந்தத் தூரத்தில் போகும் 5 எம்இவி ஆல்ஃபா திரும்பும் கோணம் சுமார் கால் டிகிரி. அதற்குக் கீழே சூத்திரத்தை நம்பக் கூடாது, அவ்வளவுதான்.

1911-இல் குவாண்டம் இயங்கியலே இல்லையே, பிறகு ரூதர்ஃபோர்டுக்கு எப்படிச் சரியான விடை வந்தது?

தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதமாகக் குறையும் விசைக்கு மட்டும் வாய்த்த தனிச்சிறப்பு அது. 1928-இல் கார்டன் ஷ்ரோடிங்கர் சமன்பாட்டைக் கூலும் விசைக்கு முழுமையாகத் தீர்த்தார். வந்த வீச்சின் மட்டு ரூதர்ஃபோர்டு சொன்னதேதான். குவாண்டத்தின் அடையாளம் எல்லாம் கட்டத்துக்குள் போய் ஒளிந்துகொண்டது. வர்க்கம் எடுக்கும்போது கட்டம் போய்விடும் என்பதால், கூலும் விசை மட்டும் இருக்கும்வரை யாருக்கும் வித்தியாசம் தெரியாது. இதே காரணத்தால்தான், விசை வலுவற்றது என்று எடுத்துக்கொண்டு போடும் போர்ன் தோராயத்தின் முதல் வரிசையும் இங்கே சரியான விடை தருகிறது.

ஈட்டா என்று எழுதும் சோமர்ஃபெல்டு எண்ணையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் நிறைய வரும். இரு மின்னூட்டங்களின் பெருக்கலை 137-ஆலும், ஒளிவேகத்தின் பின்னமாகச் சொன்ன வேகத்தாலும் வகுத்தால் கிடைப்பது ஈட்டா. மேலே சொன்ன தங்கக் கணக்கில் அது 22. ஈட்டா பெரிதாக இருந்தால் துகள் பந்துபோல நடந்துகொள்ளும். ஒன்றுக்குக் கீழே போனால் அலைபோல நடந்துகொள்ளும்.

அணுக்கரு விசை எப்போது தலைகாட்டும்?

அதன் கை நீளம் ஒன்றிரண்டு ஃபெர்மிதான். ஆகவே இரு கருக்களின் ஓரங்களும் உரசும் அளவுக்கு நெருங்கினால்தான் அது வேலைசெய்யும். கருவின் ஆரம் நிறை எண்ணின் முப்படி மூலத்தை 1.2-ஆல் பெருக்கினால் வரும். தங்கத்துக்கு 7 ஃபெர்மி. 5 எம்இவி ஆல்ஃபா 45 ஃபெர்மிக்குள் வரவே இல்லை என்று முன்பே பார்த்தோம். தங்கத் தகட்டுச் சோதனைகள் கூலும் விசையை மட்டும் பார்த்ததன் காரணம் இதுதான்.

ஈயத்தின் மீது ஆல்ஃபாவை ஏவி, 60 டிகிரியில் நின்றுகொண்டு, ஆற்றலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பார்த்த சோதனை 1950-களில் நடந்தது. சுமார் 27 எம்இவி வரை எண்ணிக்கை ரூதர்ஃபோர்டு கோட்டிலேயே போகிறது, அப்புறம் சட்டென்று சரிகிறது. கருவைத் தொட்ட ஆல்ஃபாக்கள் விழுங்கப்பட்டுவிடுகின்றன. அந்த ஆற்றலில், அந்தக் கோணத்தில், ஆல்ஃபா நெருங்கும் தூரத்தைக் கணக்கிட்டால் 13 ஃபெர்மி வருகிறது. ஆரச் சூத்திரத்தை இரண்டு கருக்களுக்கும் போட்டுக் கூட்டினாலோ 9 ஃபெர்மிதான். மிச்சம் 4 ஃபெர்மி ஏன்? கருவுக்கு வெட்டிவைத்தாற்போல் விளிம்பு கிடையாது. அடர்த்தி மெல்லத் தேய்கிறது, விசையும் கொஞ்சம் வெளியே நீள்கிறது.

இதனால்தான் இந்தத் துறையில் குறுக்குவெட்டை அப்படியே வரைவதைவிட ரூதர்ஃபோர்டு மதிப்பால் வகுத்து வரைவது வழக்கம். கோடு ஒன்றிலேயே படுத்திருந்தால் கூலும், விலகினால் அணுக்கரு.

கூலும் குறுக்குவெட்டு ஒன்று, அணுக்கருக் குறுக்குவெட்டு ஒன்று, இரண்டையும் தனித்தனியாகக் கணக்கிட்டுக் கூட்டிவிட்டால் போதாதா?

போதாது. இந்தப் பக்கத்தையே எழுதவைத்த கேள்வி இது. இரண்டும் ஒரே தொடக்கநிலையிலிருந்து ஒரே முடிவுநிலைக்குப் போகும் இரண்டு வழிகள். எந்த வழியில் போனது என்று பிரித்தறிய முடியாதபோது வீச்சுகளைக் கூட்டி, அப்புறம்தான் வர்க்கம் எடுக்க வேண்டும். வர்க்கங்களைக் கூட்டினால் நடுவில் வரும் குறுக்கு உறுப்பு தொலைந்துபோகும். அது கூட்டலாகவும் இருக்கலாம், கழித்தலாகவும் இருக்கலாம்.

ஒரே ஒரு எடுத்துக்காட்டு பாருங்கள். ஒரு புரோட்டான் நிற்கிறது, இன்னொன்றை 0.38 எம்இவி ஆற்றலில் அதன்மேல் ஏவுகிறோம். நிறைமையச் சட்டகத்தில், அதாவது இரண்டின் மொத்த உந்தமும் பூஜ்ஜியமாகத் தெரியும் பார்வையில், 90 டிகிரியில் பார்க்கிறோம். வேகம் ஒளிவேகத்தில் 0.0285 பங்கு, ஆகவே ஈட்டா 0.26. இந்தக் கோணத்தில் கூலும் வீச்சு, அலை எண்ணின் அலகில், கழித்தல் 0.26. விலக்குவிசை என்பதால் கழித்தல் குறி. அணுக்கரு விசை ஈர்ப்பது. அதன் வீச்சு கூட்டல் குறியோடு, கட்டப்பெயர்ச்சியின் (விசையால் அலையின் கட்டம் நகரும் அளவு) சைன் அளவுக்கு இருக்கும். இந்த ஆற்றலில் கட்டப்பெயர்ச்சி ஏறத்தாழ 15 டிகிரி. 15 டிகிரியின் சைன் 0.26. இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன!

கலப்பெண்களாக முழுதாகப் பார்த்தாலும் இதே கதைதான். கூலும் வீச்சின் கட்டம் சுமார் 10 டிகிரி, அணுக்கரு வீச்சின் கட்டம் 15. கிட்டத்தட்ட ஒரே கோட்டில் எதிரெதிராக நிற்கின்றன. புரோட்டான்களின் தற்சுழற்சிகள் இணையாக இருக்கும் நிலைக்கு 90 டிகிரியில் எப்படியும் பங்கில்லை. காரணம் கீழே, முழுதொத்த துகள்கள் பற்றிய பதிலில். ஆக, அந்த இடத்தில் குறுக்குவெட்டு ஆழமான பள்ளத்தில் விழுகிறது. சோதனையில் அளந்தும் பார்த்துவிட்டார்கள், பள்ளம் அங்கேயேதான் இருக்கிறது. குறுக்குவெட்டுகளைக் கூட்டுகிறவருக்கு அந்த இடத்தில் பள்ளமே வராது, தனித்தனி மதிப்பைப்போல இரு மடங்கு வரும்.

அணுக்கரு விசை ஈர்க்கிறதா விலக்குகிறதா என்பதை இந்தக் குறுக்கு உறுப்புதான் சொல்கிறது. கூலும் வீச்சின் அளவும் குறியும் நமக்கு முழுமையாகத் தெரியும். தெரிந்ததை அளவுகோலாகப் பிடித்துத் தெரியாததை அளக்கிறோம்.

சூத்திரத்தில் அணுக்கருப் பகுதிக்கும் ஏன் கூலும் கட்டத்தைப் பெருக்க வேண்டும்? அது வேறு விசையாச்சே?

விசை வேறுதான், ஆனால் அணுக்கருவைத் தொடவரும் அலை கூலும் புலத்தைக் கடந்துதான் வருகிறது. போகும்போதும் அதைக் கடந்துதான் போகிறது. உள்ளே வரும்போது ஒரு பங்கு, வெளியே போகும்போது ஒரு பங்கு என்று ஒவ்வொரு பகுதி அலையும் (கோண உந்தத்துக்கு ஒன்றாகப் பிரித்த அலை) கூலும் கட்டத்தின் இரு மடங்கைச் சுமக்கிறது. அந்தக் கட்டம் ஒவ்வொரு கோண உந்தத்துக்கும் வேறு. அதை விட்டுவிட்டால் பகுதி அலைகள் தவறான ஒழுங்கில் கூடும்.

நான் முதன்முதலில் எழுதிய நிரலில் இதைத்தான் விட்டிருந்தேன். விகிதக் கோட்டில் ஏற்ற இறக்கங்கள் அழகாகவே வந்தன, ஆனால் எல்லாம் சில டிகிரி தள்ளி இருந்தன. கருவின் ஆரத்தை மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்த்து இரண்டு வாரம் போனது. படம் பார்க்க நன்றாக இருக்கிறது என்பதை வைத்துக் கட்டம் சரி என்று நினைத்துவிடாதீர்கள்.

பகுதி அலைகளைக் கூட்டிக்கொண்டே போகிறேன், தொடர் நிற்கவே மாட்டேன் என்கிறது. எங்கே தப்பு?

கூலும் பகுதியையும் தொடராகக் கூட்டப் பார்க்கிறீர்கள். எல்லையில்லாத விசை எத்தனை பெரிய கோண உந்தத்தையும் விடாது, ஆகவே அந்தத் தொடர் குவியாது. கூலும் வீச்சை மூடிய சூத்திரமாக அப்படியே எழுதுங்கள். அணுக்கருவால் வரும் மாற்றத்தை மட்டும் தொடராகக் கூட்டுங்கள். அந்தத் தொடர் கருவை உரசும் கோண உந்தத்தைத் தாண்டியதும் வேகமாகத் தேயும். மேலே சொன்ன ஈயக் கணக்கில் உரசும் அலை ஏறத்தாழ 17-வது. 40 வரை கூட்டினால் தாராளம்.

அதிவேக எலக்ட்ரான்களுக்குப் பயன்படும் டிராக் சமன்பாட்டில் இப்படி மூடிய சூத்திரம் கிடைக்காது. அதற்கு யென்னி, ரேவன்ஹால், வில்சன் மூவரும் 1954-இல் ஒரு வழி சொன்னார்கள்: தொடரை, ஒன்றிலிருந்து கோசைனைக் கழித்த காரணியால் இரண்டு மூன்று தடவை பெருக்கிவிட்டுக் கூட்டி, கடைசியில் அதே காரணியால் வகுத்துவிடுவது. சின்ன உத்திதான், இன்றும் நிரல்களில் அப்படியே இருக்கிறது.

கூலும் விசைக்கு அருமையான சூத்திரம் இருக்கிறது. அணுக்கரு விசைக்கு எங்கே?

அப்படி ஒரு வரிச் சூத்திரம் இல்லை. குவார்க்குகளின் விசையிலிருந்து தொடங்கி ஈயக் கருவின் சிதறல்வரை நேராக யாராலும் இன்று கணக்கிட முடியாது. அதனால் ஒளியியல் மாதிரி என்ற நடைமுறை வழியில் போகிறோம். கருவை மங்கலான கண்ணாடிக் குண்டு மாதிரி எண்ணிக்கொள்ளுங்கள்: அலையை வளைக்கவும் செய்யும், கொஞ்சம் உறிஞ்சவும் செய்யும். நிலையாற்றலின் மெய்ப்பகுதி வளைப்பதற்கு, கற்பனைப்பகுதி உறிஞ்சுவதற்கு. உறிஞ்சப்பட்ட துகள் காணாமல் போகவில்லை. கருவைக் கிளர்த்தியோ உடைத்தோ வேறு வாசல்வழி வெளியேறியிருக்கிறது. கரு மாறாமல் துகள் திரும்பும் மீள்சிதறல் கணக்கில் அது இழப்பு.

நிலையாற்றலின் வடிவத்துக்கு வுட்ஸும் சாக்ஸனும் 1954-இல் தந்த உருவைத்தான் எல்லோரும் எடுக்கிறார்கள்: உள்ளே ஏறத்தாழ மாறாத ஆழம், ஓரத்தில் மெல்லத் தேயும் சரிவு. நியூட்ரான், புரோட்டான்களுக்கு ஆழம் 50 எம்இவி வாக்கில், ஓரச் சரிவின் அளவு 0.6 ஃபெர்மி வாக்கில் இருக்கும். ஒரு எச்சரிக்கை: ஆல்ஃபா போல வலுவாக உறிஞ்சப்படும் துகள்களுக்குச் சோதனை தொடுவது ஓரத்தை மட்டும்தான். ஓரத்தில் ஒரே மாதிரி இருக்கும் பல நிலையாற்றல்கள் உள்ளே முற்றிலும் வேறாக இருந்தாலும் ஒரே விடையைத் தரும். நடுவின் ஆழத்தைப் பொருத்திவிட்டு அதையே இயற்கையின் எண் என்று எழுதாதீர்கள்.

கருவின் அளவைக் கண்டுபிடிக்க எலக்ட்ரானை ஏன் பிடித்தார்கள்? ஆல்ஃபா போதாதா?

எலக்ட்ரானுக்கு அணுக்கரு விசையே தெரியாது, அதுதான் அதன் பலம். கருவுக்குள்ளே ஊடுருவிப் போனாலும் அது உணர்வது மின்காந்தத்தை மட்டும். மின்காந்தம் நமக்குத் தெரிந்தது. ஆகவே விடையில் வரும் வித்தியாசம் முழுவதும் மின்னூட்டம் எப்படிப் பரவியிருக்கிறது என்பதைத்தான் காட்டும்.

புள்ளி மின்னூட்டத்துக்குரிய குறுக்குவெட்டை முதலில் கணக்கிடுங்கள். எலக்ட்ரானின் தற்சுழற்சியால் ரூதர்ஃபோர்டு விடை அரைக்கோணக் கோசைனின் வர்க்கத்தால் குறையும். 1929-இல் மாட் கொடுத்தது அது. அளந்த எண்ணை இதனால் வகுத்தால் வருவது வடிவக் காரணியின் வர்க்கம். மின்னூட்டப் பரவலின் ஃபூரியே மாற்றம்தான் வடிவக் காரணி. 1950-களில் ஸ்டான்ஃபோர்டில் ஹாஃப்ஸ்டாடர் குழு இந்த வழியில் புரோட்டான் ஒரு புள்ளி இல்லை, ஏறத்தாழ 0.8 ஃபெர்மி ஆரமுள்ளது என்று காட்டியது. 1961-இல் அவருக்கு நோபல் கிடைத்தது. அந்த ஆரம் இன்னும் விவாதப்பொருள்தான்: 2010-இல் மியூவான் ஹைட்ரஜன் (எலக்ட்ரானுக்குப் பதில் கனமான மியூவான் உள்ள ஹைட்ரஜன்) அளவீடு 0.84 என்றது, அதுவரை எல்லோரும் வைத்திருந்தது 0.88. 2019-இல் ஜெஃபர்சன் ஆய்வகத்தின் எலக்ட்ரான் சிதறல் 0.83 பக்கம் வந்து நின்றது.

போர்ன் தோராயம் ரூதர்ஃபோர்டையே தருகிறது என்றீர்கள். அப்படியானால் எல்லா இடத்திலும் அதையே போட்டுவிடலாமா?

கூடாது. அது மட்டை மட்டும்தான் சரியாகத் தருகிறது, கட்டத்தைத் தருவதில்லை. குறுக்கு உறுப்பு வரும் இடமெல்லாம் அந்தக் குறை வெளியே தெரியும். மேலே சொன்ன புரோட்டான் பள்ளத்தில் போர்னின் கூலும் வீச்சைப் போட்டால் பள்ளத்தின் ஆழம் தப்பாக வரும்.

அதிவேக எலக்ட்ரானுக்கு ஒரு எளிய சோதனை உண்டு: இலக்கின் மின்னூட்டத்தை 137-ஆல் வகுங்கள். ஹைட்ரஜனுக்கு 0.007, போர்ன் போதும். ஈயத்துக்கு 82 வகுத்தல் 137, அதாவது 0.6. முதல் வரிசையோடு நிறுத்தக் கூடாது.

இரண்டும் ஒரே மாதிரித் துகள் என்றால் கணக்கில் என்ன மாறும்?

தீட்டா கோணத்தில் வந்தது ஏவியதா, எதிரே நின்றதா என்று சொல்ல முடியாது. ஆகவே தீட்டா வீச்சையும், 180-லிருந்து அதைக் கழித்த கோணத்தின் வீச்சையும் சேர்க்க வேண்டும். தற்சுழற்சி இல்லாத கார்பன்-12 கருக்களுக்குக் கூட்டல். 90 டிகிரியில் பழைய இயங்கியல் சொல்வதைப்போல இரு மடங்கு வரும். புரோட்டான்களுக்குத் தற்சுழற்சி இணையானால் கழித்தல், எதிரானால் கூட்டல். 90 டிகிரியில் இரண்டு கோணமும் ஒன்றே என்பதால் இணையான நிலை சுத்தமாக அழிந்துவிடுகிறது. பள்ளக் கணக்கில் நான் பயன்படுத்தியது இதைத்தான்.

பெரிய மோதுவிகளில் ஆற்றல் எக்கச்சக்கம். அங்கே கூலும் விசைக்கு என்ன வேலை?

மிகச் சிறிய கோணத்தில் அதற்குப் பெரிய வேலை இருக்கிறது. கூலும் வீச்சு உந்த மாற்றத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம். அணுக்கரு வீச்சோ அங்கே தட்டையாக நிற்கிறது. எங்கோ ஓரிடத்தில் இரண்டும் சமமாகியே தீரும். செர்னின் பெரும் ஹாட்ரான் மோதுவியில் 13 டிஇவி (ஒரு டிஇவி பத்து லட்சம் எம்இவி) மொத்த ஆற்றலில் புரோட்டான்களின் மொத்தக் குறுக்குவெட்டு ஏறத்தாழ 110 மில்லிபார்ன். இதை வைத்துக் கணக்கிட்டால் உந்த மாற்ற வர்க்கம் 0.00065 ஜிஇவி வர்க்கத்தில் (ஒரு ஜிஇவி ஆயிரம் எம்இவி) இரண்டும் சமம். கோணமாக மாற்றினால் ஒரு ரேடியனில் பத்து லட்சத்தில் நான்கு பங்கு. காந்தங்கள் இல்லாமல் நேரே போனால் 220 மீட்டர் தள்ளி ஒரு மில்லிமீட்டர்கூட விலகியிருக்காது.

அந்த மோதுவியில் சிறுகோணச் சிதறலை அளக்கும் டோட்டெம் குழு அந்த 220 மீட்டர் தூரத்தில்தான் உணரிகளைக் கற்றையின் ஓரத்துக்கு நகர்த்தி வைத்து அளந்தது. அதற்காகவே கற்றையை மிக இணையாக ஓடவைக்கும் தனி ஏற்பாடு 2016-இல் செய்யப்பட்டது.

ரோ, ரோ என்கிறார்களே, அது என்ன அவ்வளவு முக்கியம்?

முன்னோக்கிய அணுக்கரு வீச்சின் மெய்ப்பகுதியைக் கற்பனைப்பகுதியால் வகுத்தால் ரோ. ஒளியியல் தேற்றப்படி கற்பனைப்பகுதி மொத்தக் குறுக்குவெட்டிலிருந்து கிடைத்துவிடும். மெய்ப்பகுதியைத் தனியாகப் பார்க்க வழியில்லை; அதன் வர்க்கம் மொத்தத்தில் ஒரு சதவீதம்தான். ஆனால் கூலும் வீச்சு ஏறத்தாழ முழுக்க மெய். அதோடு குறுக்கிடும்போது மெய்ப்பகுதி முதல் அடுக்கிலேயே வெளிப்பட்டுவிடும். 0.38 எம்இவி-இல் செய்த அதே வேலையை, கோடிக்கணக்கான மடங்கு ஆற்றலில் மறுபடி செய்கிறோம்.

டோட்டெம் கண்டது 0.09 அல்லது 0.10, பகுப்பாய்வு முறையைப் பொறுத்து. வழக்கமான கணிப்புகள் 0.13 பக்கம் எதிர்பார்த்தன. குவார்க்குகளைப் பிணைக்கும் குளுவான்கள் மூன்று சேர்ந்து பரிமாறப்படும் ஆடரான் என்ற பழைய யோசனைக்கு இது வலுச்சேர்க்கிறது என்பது ஒரு சாராரின் வாதம். என் கருத்தில் வாதத்தில் இறங்கும் முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கூலும் வீச்சுக்கும் அணுக்கரு வீச்சுக்கும் இடையிலான சார்புக் கட்டத்தை எந்தச் சூத்திரத்தில் எடுத்தார்கள்? 1958-இல் பெத்தே, 1968-இல் வெஸ்ட்டும் யென்னியும், 1982-இல் கான் என்று ஒருவர் பின் ஒருவராகத் திருத்தி வந்தது அதைத்தான். ரோவின் இரண்டாம் தசம இலக்கத்தைப் பற்றிப் பேசும்போது அந்தக் கட்டத்தை ஒதுக்கிவிட முடியாது.

கூலும் விளைவைக் கழித்துவிட்டால் சுத்தமான அணுக்கரு விசை மிஞ்சும், இல்லையா?

கழிக்கலாம், ஆனால் ஒரு எண்ணிலிருந்து இன்னொன்றைக் கழிப்பதுபோல அல்ல. குறைந்த ஆற்றலில் இரண்டு புரோட்டான்களின் சிதறல் நீளம் (அந்த ஆற்றலில் சிதறலின் வலுவை ஒரே நீளமாகச் சொல்லும் எண்) அளவீட்டில் கழித்தல் 7.8 ஃபெர்மி. கூலும் விசையை நீக்கினால் அது கழித்தல் 17 ஃபெர்மி ஆகிறது. ஒரு சிறிய திருத்தம் இல்லை, இரண்டு மடங்குக்கு மேல். குறுகிய தூரத்தில் அணுக்கரு விசையின் வடிவம் என்ன என்று அனுமானித்துக்கொண்டுதான் இந்த நீக்கத்தைச் செய்ய முடியும். அனுமானத்தை மாற்றினால் விடையும் கொஞ்சம் நகரும். நியூட்ரான் ஜோடிக்கு ஏறத்தாழ கழித்தல் 19. இந்த இரண்டுக்கும் உள்ள சிறு வித்தியாசத்தை வைத்துத்தான் அணுக்கரு விசைக்கு மின்னூட்டம் பேதமில்லையா என்று சோதிக்கிறார்கள். ஆகவே எப்படி நீக்கினார்கள் என்பதையும் சேர்த்தே படியுங்கள்.

ஈயக் கருக்கள் தொடாமலே உடைகின்றன என்று படித்தேன். உண்மையா?

உண்மை, தொட்டு உடைவதைவிடப் பல மடங்கு அதிகம். கிட்டத்தட்ட ஒளிவேகத்தில் போகும் கருவின் மின்புலம் தட்டுபோலச் சப்பையாகி, எதிரே வருபவருக்கு ஒரு கணத் துடிப்பாகத் தெரியும். அதை ஃபோட்டான்களின் கூட்டமாகவே கணக்கிடலாம். ஃபெர்மி 1924-இல் தொடங்கியது, வைட்சேக்கரும் வில்லியம்ஸும் 1930-களில் விரித்தது. ஃபோட்டான் எண்ணிக்கை மின்னூட்டத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதம். ஈயத்துக்கு அது 6,724. அந்த ஃபோட்டான்களை விழுங்கிய கரு கிளர்ந்து நியூட்ரானை உதிர்க்கிறது.

நியூக்ளியான் (புரோட்டான் அல்லது நியூட்ரான்) ஜோடிக்கு 2.76 டிஇவி ஆற்றலில், அதே செர்ன் மோதுவியின் ஆலிஸ் குழு அளந்தபோது இப்படி உடைவதற்கான குறுக்குவெட்டு சுமார் 187 பார்ன். உண்மையில் மோதி உடைவது 8 பார்னுக்கும் குறைவு.

ஃபோட்டான் உமிழ்வைச் சேர்த்தால் மறுபடி முடிவிலி வருகிறதே?

முந்தைய முடிவிலி வேறு, இது வேறு. மின்னூட்டமுள்ள துகள் திரும்பும்போதெல்லாம் மென்மையான ஃபோட்டான்களை உமிழும். ஆற்றல் குறையக் குறைய அவற்றின் எண்ணிக்கைக்கு வரம்பே இருக்காது. ஃபோட்டான் வெளிவராத சுத்தமான மீள்சிதறலைத் தனியாகக் கணக்கிட்டாலும் எதிர்க்குறியில் ஒரு முடிவிலி வரும். இரண்டையும் சேர்த்தால் இரண்டும் அடித்துக்கொண்டு போய்விடும் என்று பிளாக்கும் நோர்ட்ஸீக்கும் 1937-இல் காட்டினார்கள். மிஞ்சும் விடையில் உங்கள் உணரியால் பிரித்தறிய முடியாத ஆற்றல் அளவு மடக்கைக்குள் உட்கார்ந்திருக்கும். அதனால் உணரியின் பிரிதிறன் தெரியாமல் எலக்ட்ரான் சிதறலை ஒரு சதவீதத் துல்லியத்தில் கணக்கிட முடியாது.

என் நிரல் ஒரு விடை தருகிறது. அது சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் அணுக்கரு நிலையாற்றலைப் பூஜ்ஜியமாக்குங்கள். எல்லாக் கோணத்திலும் ரூதர்ஃபோர்டு விகிதம் ஒன்று வர வேண்டும். அப்புறம் மின்னூட்டத்தைப் பூஜ்ஜியமாக்கி, உறிஞ்சும் பகுதியையும் எடுத்துவிட்டு, ஒளியியல் தேற்றத்தைச் சோதியுங்கள்: முன்னோக்கிய வீச்சின் கற்பனைப்பகுதியிலிருந்து வரும் மொத்தமும், கோணங்களைக் கூட்டி வரும் மொத்தமும் ஒன்றாக இருக்க வேண்டும். மின்னூட்டம் இருக்கும்போது இந்தச் சோதனையை அப்படியே போடாதீர்கள், மொத்தம் முடிவிலி என்று மேலே பார்த்தோம்.

பகுதி அலைகளை இரண்டு மடங்காக்கினாலும், உள்வெளித் தீர்வுகளைப் பொருத்தும் தூரத்தைச் சில ஃபெர்மி தள்ளினாலும் விடை அசையக் கூடாது. அலகுகளையும் பாருங்கள்: ஒரு சதுர ஃபெர்மி 10 மில்லிபார்ன், பத்து மடங்கு பிழை வந்தால் முதலில் இங்கே தேடுங்கள். நான்கு மடங்கு பிழை 90 டிகிரிப் பக்கத்தில் மட்டும் வந்தால் முழுதொத்த துகள்களை மறந்திருப்பீர்கள். கோணம் மட்டும் நழுவினால் ஆய்வகச் சட்டகத்தையும் நிறைமையச் சட்டகத்தையும் கலந்திருக்கிறீர்களா என்று பாருங்கள். தங்கத்தில் ஆல்ஃபாவுக்கு அது இரண்டு சதவீதச் சமாசாரம், புரோட்டான்மேல் புரோட்டானுக்கு 45 டிகிரி 90 ஆகிவிடும்.

இவ்வளவும் சரியாக இருந்தால் கடைசியாக அந்த 0.38 எம்இவி புரோட்டான்களை உங்கள் நிரலில் ஓட்டுங்கள். கட்டப்பெயர்ச்சிக்கு 15 டிகிரி போட்டு, நிறைமையச் சட்டகத்தில் 90 டிகிரியைச் சுற்றி ஒவ்வொரு டிகிரியாக வரையுங்கள். கோடு கீழே இறங்கி ஏறினால் உங்கள் குறியும் கட்டமும் சரி.